தாங்குமா என்று கேட்டார்கள்

சோலார் பேனலில் தூசி படிந்தால் கரண்ட் எவ்வளவு குறையும், எந்தச் சாய்வில் வைத்தால் எவ்வளவு கூடும் என்று எழுதித் தரும்படி, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கணக்கெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, இப்போது உங்கள் போனிலும் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவள். என்னிடம் மிச்சம் இருப்பது பயம் ஒன்றுதான். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன். கூரை ஏறும்போது பயம், இறங்கும்போது பயம், வீட்டுக்கு வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தால் அந்த நட்டை முடுக்கினேனா இல்லையா என்று பயம். கூட வேலை பார்த்தவர்கள் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயரே வைத்திருந்தார்கள். அந்தப் பயம் ஒருநாள் எனக்கு எப்படிக் கைகொடுத்தது, கைகொடுத்தும் ஏன் நிம்மதி கிடைக்கவில்லை என்று சொல்கிறேன். தூசியும் சாய்வும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. பம்பாய் செம்பூரில் ஒரு சின்னச் சோலார் கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியராக இருந்தேன். சோலார் என்று சொன்னால், கால்குலேட்டர் விற்கிறீர்களா என்று கேட்பார்கள். பம்பாயில் எங்கள் பேனல் ஏறியிருந்த கூரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று தாராவியில், காதர் பாயின் தோல் பட்டறைக் கூரை.

காதர் பாய் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, யாரிடமோ கூலிக்குப் பை தைத்து, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவர். பட்டறை மாடியில் இருந்தது. கீழே இருந்த அறையை ஒரு இலவச மருத்துவமனைக்கு வாடகை வாங்காமல் விட்டிருந்தார். மாட்டுங்காவிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்து பார்த்துக்கொண்டார். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்து எப்போதும் குளிரிலேயே இருக்க வேண்டும். அந்தச் சந்துக்கு வந்த கரண்ட்டோ, சாயங்காலமானால் பல்பே சிவப்பாக எரியும் அளவுக்கு இளைத்துவிடும். அதில் ஓடிய பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று கருகியே போய்விட்டது. அதனால்தான் கூரையில் இரண்டு பேனல், கீழே பேட்டரி, பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் என்று எங்கள் கம்பெனி சோதனையாக வைத்துக் கொடுத்திருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் மாட்டியது. மழையில்கூட ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை காலை, ஆபீசுக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. "கொஞ்சம் உடனே வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் அப்படிக் கேட்கிறவர் இல்லை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால், ஃப்ரிட்ஜின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி காலி என்று அர்த்தம். உள்ளே இருந்த தெர்மாமீட்டர், தாண்டக் கூடாத கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஃப்ரிட்ஜ் சிறிது நேரம் உறுமும், பிறகு மூச்சடங்கினாற்போல் நின்றுவிடும்.

"ரெண்டு மூணு நாளா இப்படித்தான் நின்னு நின்னு ஓடறது. இன்னும் கோட்டைத் தாண்டலை. தாண்டினா அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலம்பற தடுப்பூசி கேம்ப். சுத்துப்பட்டுச் சந்துல எல்லாம் தட்டம்மை வர ஆரம்பிச்சாச்சு. பெரிய ஆஸ்பத்திரி ஸ்டோர்ல கொண்டு வச்சா மருந்து பத்திரமா இருக்கும். ஆனா மூணு மணிக்குக் கதவைச் சாத்திடுவா. அப்புறம் திங்கட்கிழமைதான். கொண்டு போகவும் ஒரே ஒரு ஐஸ் பெட்டி, ராத்திரி முழுக்க அதுல குளிர் நிக்காது, அதுவும் ஸ்டோரோடது, அங்கேயே வாங்கி வச்சுண்டுடுவா. அங்க வச்சா நாளைக்குக் கேம்ப் கிடையாது. இங்க வச்சா மருந்து தாங்குமான்னு நீங்கதான் சொல்லணும்."

வாசலில் நின்றிருந்த காதர் பாய் உள்ளே வந்தார்.

"அம்மா, கேம்ப் நிக்கப்புடாது. வீடு வீடா ஏறி இறங்கியிருக்கேன். ஊசி போட்டா காய்ச்ச வரும், வேண்டாம்னு கதவைச் சாத்துனவ எத்தன பேரு தெரியுமா? என் மொகத்துக்காவத்தான் சரின்னாவ. நாளைக்கு வந்துட்டு வெறுங்கையா திரும்பிப் போனாவன்னா, மறுபடி நான் கூப்பிட்டா ஒருத்தியும் வரமாட்டா."

"ஐஸ் வாங்கி அடுக்கிடலாமா?" என்று அவரே கேட்டார். "மீன் மார்க்கெட்டுல கட்டி கட்டியா கெடக்கு."

டாக்டர் தலையை ஆட்டினார். "சில மருந்து சூடு பட்டாக் கெடும் பாய், சில மருந்து உறைஞ்சாலே கெட்டுடும். எது எவ்வளவு குளிர்ந்ததுன்னு எனக்குத் தெரியாம ஒரு குழந்தைக்கும் போட மாட்டேன்."

ஆக, விஷயம் மொத்தமும் என் தலையில் வந்து உட்கார்ந்தது. மூன்று மணிக்குள் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏணியைப் பிடித்து ஏறினேன்.

மேலே போனதும் முதல் பார்வையில் எனக்கு நிம்மதிதான் வந்தது. பேனல் இரண்டும் கன்னங்கரேலென்று பளபளத்துக் கிடந்தன. தூசியால் வந்த கோளாறு இல்லை என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டேன். அடுத்ததாகக் கண்ணில் பட்டது சாய்வு. நாங்கள் மாட்டியபோது தெற்குப் பார்த்துச் சாய்ந்து நின்றவை, இப்போது அப்பளம் காயப் போட்டதுபோல் ஏறக்குறையத் தட்டையாகக் கிடந்தன. ஓரங்களில் கல், மேலே குறுக்கே கயிறு, கயிற்றின் நுனியில் பழைய டயர்.

"இது எப்ப நடந்தது பாய்?"

"மழைக்கு முந்தியே செஞ்சேன்லா! காத்துல ஷீட்டோட தூக்கிட்டுப் போயிட்டா? இங்க எல்லாக் கூரைக்கும் செய்யுதது அதுதான். கால மடக்கிக் கீழ இறக்கி, கல்ல வச்சு, பந்தோபஸ்த்தா கட்டிப்போட்டேன்."

தாராவியில் மழைக்கு முன்னால் கூரை ஏறிப் பார்த்திருந்தால் உங்களுக்கும் புரியும். தார்ப்பாய், கல், டயர், உடைந்த சைக்கிள் என்று கனமாக எது கிடைத்தாலும் கூரையில் ஏற்றுவார்கள். பாய் பேனலையும் கூரையின் ஒரு பாகமாக நினைத்திருக்கிறார். மழைக்காலத்தில் சூரியன் உச்சிக்கு மேல் நிற்கும், அதனால் தட்டையாக இருந்ததில் பெரிய நஷ்டம் தெரியவில்லை. மழை வேறு தினமும் கழுவிவிட்டது. மார்கழி, தை வந்து சூரியன் தெற்கே இறங்கிய பிறகு, அந்தத் தட்டைப் பேனல் வெயிலைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது.

இதுதான் காரணம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கயிற்றை அவிழ்த்து, பட்டறையிலிருந்து கட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு பேருமாகப் பேனலைத் தூக்கி நிறுத்தினோம். கூரை ஓரத்தில் மாட்டியிருந்த கன்ட்ரோல் பெட்டியில், பேனல் தரும் கரண்ட்டைக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். முள் கொஞ்சம் ஏறியது. கொஞ்சம்தான். வெயில் அடித்த அடிக்கு அது இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை.

தூக்கி நிறுத்திய பிறகுதான் கீழ் விளிம்பைக் கவனித்தேன். தட்டையாகக் கிடந்ததில், பனியும் தூசியும் குழைந்து, வழிந்து போக வழியில்லாமல், கீழ்ச் சட்டத்தை ஒட்டி ஒரு விரல் தடிமனுக்குக் கறுப்பு மண்ணாகக் காய்ந்திருந்தது. வெயிலைக் கரண்ட்டாக மாற்றும் சில்லுகளின் கடைசி வரிசை அதற்குள் புதைந்திருந்தது. ஒரு வரிசைதானே என்று நினைக்காதீர்கள். சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. குர்லாவில் ஒரு லோக்கல் ரயில் நின்றுவிட்டால் அதன் பின்னால் காட்கோபர், விக்ரோலி, முலுண்ட் என்று எல்லா வண்டியும் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். மேலே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கீழே அந்த ஒரு வரிசை மூடினால் மொத்தமும் முடங்கும்.

மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தேன். முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. வந்த உற்சாகத்தில், போகிற போக்கில் கண்ணாடி முழுவதையும் ஒரு துடை துடைத்துவிடலாம் என்று கைத்துணியை எடுத்து மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்த்தேன். மீட்டரைப் பார்த்தால் முள் இறங்கியிருந்தது.

துடைத்தால் எங்கேயாவது குறையுமா? ஏதோ ஒயரைத் தட்டிவிட்டேன் என்று நினைத்து ஒவ்வொரு முனையாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. திரும்ப வந்து கண்ணாடியைப் பார்த்தேன். நான் துடைத்த இடத்தில் பளபளப்பு போய், சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக இழுவிக் கிடந்தது. துணியை மூக்கருகே கொண்டுபோனேன். கீழே பட்டறையில் அடிக்கும் அதே வாசனை.

"பாய், இந்தக் கண்ணாடியில ஏதாவது பூசினீங்களா?"

"பின்ன? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறதுக்கு முந்தி நானே ஏறி வந்து எண்ணெ போடுதேன். தோலுக்குப் போடுத எண்ணெ, நல்ல சரக்கு. மழையில பாக்கணுமே, தண்ணி ஒரு சொட்டு நிக்காம முத்து முத்தா உருண்டு ஓடிச்சு. வேற யாரையும் தொடவே விடமாட்டேன்."

பெருமையோடுதான் சொன்னார். ஒரு நல்ல பையை எப்படிக் காப்பாற்றுவாரோ அப்படி எங்கள் பேனலைக் காப்பாற்றியிருக்கிறார். மழை நின்ற பிறகு, பக்கத்துக் குயவர் சூளைப் புகை, ரோட்டுப் புழுதி, குப்பை எரிக்கிற கரி, பனி எல்லாமே அந்த எண்ணெயில் வந்து ஒட்டியிருக்கின்றன. அதன்மேல் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு பூச்சு. தூசியை உள்ளே வைத்துப் பளபளப்பாக மெழுகியதுபோல் ஆகிவிட்டது. தூசி படிந்த பேனல் மங்கித் தெரியும், எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். இது ஈரம் சொட்டுவதுபோல் மின்னியதால் நானே ஏமாந்தேன்.

நான் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னதும் பாயின் முகத்தில் ரத்தமே இல்லை. "யா அல்லா, நானா கெடுத்தேன்?" என்றார். அதே வேகத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டியைப் பார்த்து ஓடினார்.

"ஊத்தாதீங்க பாய்!" என்று கத்திவிட்டேன். அந்தக் கத்தல் அடுத்த சந்துவரை கேட்டிருக்கும்.

கையை வைத்தால் பொசுங்கும் சூடு கண்ணாடியில். அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்டால் கேம்ப் என்ன, அந்த வருடத்துக்கே பேனல் கிடையாது. முதலில் கண்ணாடி ஆற வேண்டும், ஆறுவதற்கு நிழல் வேண்டும். வெயிலுக்காக அலைந்துகொண்டிருந்த நாங்கள், அந்த நல்ல வெயிலை எங்கள் கையாலேயே மறைத்தோம். பாய் கீழே ஓடி, பெரிய பெரிய தோலாக அள்ளி வந்து பேனலின் மேல் விரித்தார். மீட்டரில் முள் அடியோடு படுத்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுபோல் ஒரு சித்திரவதை கிடையாது. இந்த வேலையில் எதையும் செய்யாமல் காத்திருக்க வேண்டிய நேரம் வரும். அப்போது கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பிரச்சினை அடுத்தது. பாய் தூக்கிய வாளிதான் அவர் தொட்டியில் இருந்த கடைசித் தண்ணீர். எண்ணெயை எடுக்கச் சோப்புத்தூள் போட்டு இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். அந்தச் சந்தில் குழாயில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும்தான் வரும். நாங்கள் பேசிக்கொண்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அண்ணாந்து பார்த்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். பாய் போய் ஊசி பற்றிச் சொன்னதும் முதலில் சரி என்றவள் அவள்தானாம்.

"பாய், எங்க வீட்டுல ஒரு டிரம் நெறையக் கெடக்கு. எடுத்துக்கோங்க."

"ராத்திரிக்கு நீ என்ன செய்வே?" என்று நான் மேலிருந்து கேட்டேன்.

"ஒரு ராத்திரிதானக்கா. இவளுக்கு நாளைக்கு ஊசி போடணும்லா" என்று குழந்தையைக் குலுக்கிக் காட்டினாள். பெண் குழந்தை. இரண்டு பல் முளைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது.

கண்ணாடி ஆறுகிற நேரத்தில், ரோட்டுக் கடைக்கு ஓடி எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டேன். யாராவது ஒரு பெரியவர் என் பங்குப் பயத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ள மாட்டாரா என்ற ஆசைதான்.

"கண்டுபிடிச்சிட்டே இல்ல? அப்புறம் என்ன?" என்றார் அவர். "தாங்கும்னு சொல்லிடு. இதப் பாரும்மா, அடுத்த வாரம் கவர்மென்ட் ஆபீசருங்க இதைப் பாக்க வராங்க. மருந்தைத் தூக்கிட்டு ஓடினாங்கன்னு கேள்விப்பட்டா இந்தத் திட்டமே அவ்வளவுதான். நீ எப்பவும் இப்படித்தான், ஒண்ணுமில்லாததுக்குப் பயப்படுவே."

"பேட்டரி மூணு நாளா காலியா இருக்கு சார்."

"வெயில்தான் அடிக்குதே!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பி வந்து, தோலை எடுத்துவிட்டுக் கழுவினோம். முதல் தண்ணீர் காப்பி டிகாஷன் மாதிரி ஓடியது. இரண்டாவது முறை டீ. மூன்றாவது முறை தண்ணீராகவே ஓடியது. பேனல் உலர்ந்ததும் மீட்டரில் முள் எழுந்து, நான் அன்று அதுவரை பார்த்திராத இடத்துக்குப் போய் நின்றது. பாய் கையை மேலே தூக்கி ஏதோ ஓதினார். கீழே ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கி, நிற்காமல் உறுமியது. டாக்டரே ஏணியில் பாதி ஏறி வந்துவிட்டார். கீழே பேச்சியம்மாள் காலி டிரம்மின் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கோ. நான் இப்போ கிளம்பினாத்தான் ஸ்டோரைப் பிடிக்க முடியும். தாங்குமா?"

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். முள் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது, மேனேஜர் சொல்லிவிட்டார், பாய் வீடு வீடாக ஏறி இறங்கிய உழைப்பு இருக்கிறது, அந்தப் பெண் குடிக்கிற தண்ணீரைக் கொடுத்திருக்கிறாள். தாங்கும் என்ற ஒரு சொல்லைக் கேட்க எல்லோரும் தயாராக நின்றார்கள். சொல்லிவிட எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அந்த முள் சொன்னது, இந்த நிமிடம் உள்ளே என்ன வருகிறது என்பதை மட்டும்தான். பேட்டரியின் வயிற்றில் எவ்வளவு சேரும், அது காலை வரை நிற்குமா என்பதை முள் சொல்லாது. மூன்று நாள் பட்டினி கிடந்த பேட்டரி. வெயிலோ மேற்கே சாயத் தொடங்கிவிட்டது. மருந்து கெட்டுப்போனால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதே நிறம், அதே சீசா. ஊசி போட்டாயிற்று என்று தாய் நம்பிப் போவாள், குழந்தைக்கு ஒரு காவலும் இருக்காது. அது எப்போது தெரியும்? தட்டம்மை வந்த பிறகு தெரியும்.

"தெரியலை டாக்டர்" என்றேன். "தாங்கலாம். ஆனா தாங்கும்னு என்னால சொல்ல முடியலை."

டாக்டர் "அப்போ எடுத்துண்டு போறேன்" என்று இறங்கிவிட்டார். ஃப்ரிட்ஜில் இருந்த, மருந்தை உறைய வைக்காத அளவுக்குப் பாதி உருகிய ஐஸ் பைகளைப் பெட்டியில் அடுக்கி, மருந்தை வைத்து, பாய் பிடித்து வந்த டாக்சியில் ஏறிப் போனார். பாய் பட்டறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் இறங்கிப் போகவில்லை. காலி ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சீசாவில் தண்ணீர் வைத்து, அதில் தெர்மாமீட்டரைப் போட்டுவிட்டு, மேலே ஏறி, சூரியன் நகர நகரக் கட்டைகளை மாற்றிப் பேனலைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். சும்மா உட்கார முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாயும் ஏறி வந்தார். மறுபக்கத்தைப் பிடித்தார். வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் அதைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தெர்மாமீட்டர் கோட்டுக்கு வெகு கீழே, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. தாங்கிவிட்டது. மருந்து உள்ளே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று தெரியவில்லை. அழத்தான் செய்தேன், கதவின் பின்னால் நின்று. வெளியே பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, குல்லாய் மாட்டிக் குழந்தைகளைத் தூக்கி வந்திருந்தார்கள். டாக்டர் வாசலில் நின்று, அடுத்த ஞாயிறு வாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் தானே சொன்னார். மெஷின் கோளாறு என்றுகூடச் சொல்லவில்லை, நான்தான் ஒத்திப்போட்டேன் என்றார். ஒருத்தி பாயைப் பார்த்து, "இதுக்குத்தான் அடுப்பை அணைச்சுட்டு வரச் சொன்னீயளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பாய் தலை நிமிரவில்லை.

பேச்சியம்மாள் கோபப்படவில்லை. என்னிடம் நேராக வந்து, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "தண்ணி பத்தலியோ எக்கா?" என்று கேட்டாள். "நான் வேணும்னா இன்னொரு வீட்டுல கேட்டு வாங்கித் தந்திருப்பேனே" என்றாள்.

தண்ணீர் போதும் அளவுக்கு இருந்தது என்று சொன்னேன். அதற்கு மேல் எதை எப்படி அவளுக்குச் சொல்வது? எல்லாம் போதும் அளவுக்கு இருந்தது, நான்தான் நம்பவில்லை என்றா?

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. மேனேஜர் திட்டியது பெரிதாகத் தெரியவில்லை. பேனலுக்குப் புத்தகம் சொன்னதைவிடச் சற்று அதிகச் சாய்வு கொடுத்து, தூசி வழிந்து இறங்கும்படி நிறுத்தினேன். காற்றுக்குப் பயந்து பாய் விரும்பிய கல்லையும் கயிற்றையும் காலடியில் கட்டிக் கொடுத்தேன். எண்ணெய் இல்லை, வெள்ளிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வெறும் தண்ணீர் என்று பாயோடு பேசி வைத்தோம். அடுத்த ஞாயிறு டாக்டர் மருந்தைக் கொண்டுவந்தார். பாய் மறுபடி வீடு வீடாகப் போயிருந்தார். பெரும்பாலானவர்கள் வந்தார்கள், முதல் வாரம் சண்டை போட்டவள்கூட வந்தாள்.

பேச்சியம்மாள் வரவில்லை. அவள் குழந்தைக்கு உடம்பெல்லாம் தட்டம்மை.

டாக்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேளுங்கோ. இப்போ வெளியில தெரியறதுன்னா, போன ஞாயிறுக்கு முன்னாடியே அது உடம்புக்குள்ள வந்தாச்சு. அன்னிக்கு ஊசி போட்டிருந்தாலும் தடுத்திருக்காது. தெரியாமலே அன்னிக்குத் தாங்கும்னு நீங்க சொல்லியிருந்தா, இனிமே உங்க வார்த்தையை நான் எப்படி நம்பறது?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. வைத்தியம் படித்தவர், என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறவர் இல்லை. என் புத்தி அதை அன்றே ஏற்றுக்கொண்டது. மனசு இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. பல நாள் படுத்து, இளைத்து, எழுந்தது.

உங்களிடமும் ஒருநாள் யாராவது கேட்பார்கள், தாங்குமா என்று. முள் உயரத்தில் நிற்கும், கண்ணாடி பளபளக்கும், சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பதிலை எதிர்பார்ப்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். இன்றைக்கு என்னைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அப்படிச் சொன்னதற்காக யாரும் உங்களுக்கு மாலை போட மாட்டார்கள். சரியாகச் சொன்ன பிறகும் யாராவது ஒருத்தி வெறுங்கையோடு திரும்பிப் போவாள். அதையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை, பாயோடு சேர்ந்து பேனல் கழுவப் போனேன். ஏணியின் காலடியில் ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. யார் வைத்தது என்று கேட்பதற்குள், பக்கத்து வீட்டு வாசலில், தோலெல்லாம் உரிந்துகொண்டிருந்த குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள்.

"இன்னைக்குக் கண்ணாடி கழுவுத நாளுல்லா எக்கா? மத்த புள்ளைகளுக்கு அடுத்த ஊசி இருக்கே."

அந்தக் குடத்தைத் தொட எனக்குக் கை வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஏறிவிட்டால் கண்ணாடி சூடாகிவிடும். குடத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.